புரூஃபுக்கு வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்குவது எப்படி: அச்சுத் தொழில் செய்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கம்ப்யூட்டரில் இருக்கும்வரை ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த அரை நிமிடம் போதும். பிளேட் (அச்சு மெஷினில் மாட்டும் தகடு) எடுத்துவிட்டால் பிளேட் காசு வீண். அடித்துவிட்டால் காகிதம், மை, மெஷின் நேரம் எல்லாம் வீண். வெட்டி, மடித்து, லேமினேஷன் போட்டு, டெலிவரியும் ஆன பிறகு தெரிந்தால், யார் காசில் திரும்ப அடிப்பது என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். அந்தப் பேச்சு வராமல் இருக்கத்தான் புரூஃப், அதாவது அடிக்கும் முன் வாடிக்கையாளர் பார்த்துச் சரி சொல்வதற்காகக் காட்டும் மாதிரி.

ஆனால் பல இடங்களில் புரூஃப் அனுப்புவது வெறும் சடங்காகிவிட்டது. டிசைனர் ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார், கூடவே "செக் பண்ணி ஓகே சொல்லுங்க" என்று ஒரு வரி. வாடிக்கையாளர் வேறு வேலைக்கு நடுவில் போனில் அதைப் பார்க்கிறார். பார்வைக்கு நன்றாக இருக்கிறது. "ஓகே" என்று பதில் போடுகிறார். அவர் எதற்கு ஓகே சொன்னார் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. எழுத்தைப் படித்தாரா, அளவைப் பார்த்தாரா, நிறம் இப்படியே வரும் என்று நம்பினாரா? பின்னால் வரும் தகராறு எல்லாம் இந்த இடத்தில்தான் விதைக்கப்படுகிறது.

அந்த "ஓகே"யைக் காட்டி வாக்குவாதத்தில் ஜெயித்துவிடலாம் என்பது உண்மைதான். ஜெயித்த பிறகு அந்த வாடிக்கையாளர் அடுத்த வேலைக்கு வரமாட்டார் என்பதும் உண்மை. அதனால் இங்கே சொல்லும் முறை முழுக்க ஒரே குறிக்கோளை வைத்துப் போகிறது: வாடிக்கையாளர் தானாகப் பார்க்காத இடங்களை அவரைப் பார்க்க வைப்பது. விசிட்டிங் கார்டு, புத்தகம், டி-ஷர்ட், மக், அட்டைப் பெட்டி என்று எதை அடித்தாலும் இது பொருந்தும்.

படி 1: ஒப்புதல் தரப்போவது யார் என்று ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்

ஆர்டர் கொடுப்பவரும் முடிவெடுப்பவரும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அலுவலக உதவியாளர் பேசுவார், மேலாளர் திருத்தம் சொல்வார், அச்சாகி வந்த பிறகு முதலாளி முதல் முறையாகப் பார்த்து "லோகோ இவ்வளவு சின்னதா?" என்பார். "இதை யாரெல்லாம் பார்க்க வேண்டும்? கடைசியாகச் சரி என்று சொல்லப்போவது யார்?" என்ற இரண்டு கேள்விகளை ஆர்டர் படிவத்திலேயே சேர்த்துவிடுங்கள். பெயர், போன் எண், மின்னஞ்சல் மூன்றும் அந்த ஒருவருடையதாக இருக்கட்டும்.

அதே நேரத்தில் இன்னும் இரண்டைப் பேசி முடித்துவிடலாம். ஒன்று, அச்சாக வேண்டிய வாசகம் தட்டச்சு செய்ததாக வரவேண்டும். போனில் எழுத்துக்கூட்டிச் சொன்னதையும் கையெழுத்துத் துண்டுச் சீட்டையும் வைத்து வேலை தொடங்கினால், பிழை உங்கள் தலையில்தான் விழும். இரண்டாவது, எத்தனை முறை திருத்தம் இலவசம். இரண்டு சுற்று என்பது நியாயமான கணக்கு. உங்கள் பிழையைத் திருத்துவது இந்தக் கணக்கில் சேராது என்பதையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் வாசகத்தையே மாற்றினால் சேரும்.

படி 2: வெளியே போகும் முன் உள்ளே ஒரு பார்வை

புரூஃபில் கண்ணுக்குத் தெரியும் பிழை ஒன்று இருந்தால், வாடிக்கையாளர் அதைக் கண்டுபிடித்த திருப்தியில் மற்றதைப் பார்க்காமல் விட்டுவிடுவார். அதனால் டிசைன் செய்தவர் அல்லாத இன்னொருவர் ஒரு முறை பார்க்க வேண்டும். தன் எழுத்தில் உள்ள பிழை தன் கண்ணுக்குப் படாது.

தொழில்நுட்பத் தரப்பில் பார்க்க வேண்டியவை உங்களுக்குத் தெரிந்தவைதான்: வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமல் இருக்க டிசைனை நீட்டி வைக்கும் பகுதி), கோட்டுக்கு உள்ளே அதே அளவாவது பாதுகாப்பு இடைவெளி, படங்கள் அச்சாகும் அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் உள்ள படங்கள் அச்சின் நான்கு மைகளான சிஎம்ஒய்கே-க்கு மாற்றப்பட்டிருப்பது, எழுத்துருக்கள் பிடிஎஃப்-க்குள் பதிந்திருப்பது. நடுவில் ஸ்டேப்பிள் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை 4-ஆல் வகுபட வேண்டும். மூன்றாக மடிக்கும் தாளில் உள்ளே போகும் மடிப்பு மற்றதைவிட 1 முதல் 2 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும்.

தமிழ் வாசகம் உள்ள வேலைக்குத் தனியாக ஒரு பார்வை தேவை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், வாசகம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறிவிடும். அது பளிச்சென்று தெரிந்துவிடும் என்பதால் ஆபத்து குறைவு. யூனிகோடு வாசகத்தை டிசைன் மென்பொருளில் ஒட்டும்போது நடப்பதுதான் மோசம். இந்திய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு வசதியை இயக்காமல் விட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், கொ, கோ, கௌ எல்லாம் உடைந்து நிற்கும். நீளமான பத்தியில் ஓர் இடத்தில் மட்டும் இப்படி ஆனால் அவசரமாகப் பார்க்கும் கண்ணுக்குத் தப்பிவிடும். புள்ளி விடுபட்டிருப்பதும் அப்படியே. வாசகத்தை மனதுக்குள் ஓட்டாமல் வாய்விட்டு ஒரு முறை படிப்பதைத் தவிர இதற்கு நல்ல வழி இல்லை.

பார்கோடு, க்யூஆர் கோடு இருந்தால் போனை எடுத்து ஸ்கேன் செய்யுங்கள். எங்கே போகிறது என்பதையும் பாருங்கள், பழைய இணைய முகவரிக்குப் போகலாம். க்யூஆர் கோட்டைச் சுற்றி அதன் 4 கட்டங்களின் அகலத்துக்கு வெற்றிடம் வேண்டும். டிசைனர்கள் அழகுக்காக அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு பார்கோடு போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கடைகளில் உள்ள ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒளியில் வேலை செய்பவை. அவற்றின் கண்ணுக்குச் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுதான்.

படி 3: வேலைக்கு ஏற்ற புரூஃபைத் தேர்ந்தெடுங்கள்

எல்லா வேலைக்கும் ஒரே வகை புரூஃப் போதாது. எல்லாவற்றுக்கும் காகிதப் புரூஃப் எடுத்துக்கொண்டிருந்தால் கட்டுப்படியும் ஆகாது.

திரையில் பார்க்கும் பிடிஎஃப் புரூஃப் வாசகம், இடம், அமைப்பு ஆகியவற்றுக்குப் போதும். நிறத்துக்கு அது சாட்சி ஆகாது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, காகிதம் மையால் காட்டுகிறது. பளிச்சென்ற ஆரஞ்சு, மின்னும் பச்சை, அடர் நீலம் போன்றவை சிஎம்ஒய்கே மையில் திரையில் கண்டபடி வரவே வராது. மேட் லேமினேஷன் போட்டால் நிறம் இன்னும் கொஞ்சம் அடங்கும். பூச்சு இல்லாத காகிதம் மையை உறிஞ்சி மங்கலாக்கும்.

நிறம் முக்கியமான வேலைக்கு, அளவீடு செய்த பிரிண்டரில் எடுத்த காகிதப் புரூஃப் வேண்டும். ஐஎஸ்ஓ 12647-7 என்ற தரநிலை இப்படிப்பட்ட புரூஃபுக்காகவே எழுதப்பட்டது. அதையும் எந்த வெளிச்சத்தில் பார்க்கிறார்கள் என்பது முக்கியம். அச்சுத் துறை 5000 கெல்வின் ஒளியைப் பொதுவாக வைத்திருப்பதற்குக் காரணம், ஒரே அச்சு மஞ்சள் பல்புக்குக் கீழே ஒரு நிறமாகவும் ஜன்னல் அருகே வேறு நிறமாகவும் தெரியும் என்பதுதான். வாடிக்கையாளரிடம் கெல்வின் கணக்கெல்லாம் பேச வேண்டாம். "பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்" என்றால் போதும். நிறுவனத்தின் நிறம் துல்லியமாக வேண்டும் என்று கேட்பவரிடம் பான்டோன் எண்ணை (ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள பொது எண்) கேட்டு வாங்கி, தனி மையாக அடிப்பதா அல்லது நாலு கலரில் நெருக்கமாகக் கொண்டுவருவதா என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

துணி, எம்ப்ராய்டரி, பெட்டி, மக் போன்றவற்றில் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது மாதிரி ஆகாது. பெரிய எண்ணிக்கை என்றால் உண்மையான துணியில் ஒன்றை அடித்துக் காட்டுங்கள். எம்ப்ராய்டரியில் 5 மி.மீ. உயரத்துக்குக் குறைந்த எழுத்து நூலுக்குள் புதைந்துபோகும் என்பதை எந்த விளக்கத்தையும்விட ஒரு தையல் மாதிரி நன்றாகச் சொல்லிவிடும். பெட்டிக்கு ஒரு வெள்ளை அட்டையை வெட்டி மடித்து, உள்ளே பொருள் உட்காருகிறதா என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.

படி 4: படத்தை மட்டும் அனுப்பாதீர்கள், புரூஃப் தாளாக அனுப்புங்கள்

டிசைனைச் சுற்றி ஒரு சட்டம் போட்டு, அதன் கீழே வேலையின் விவரம் முழுவதையும் எழுதினால் அது புரூஃப் தாள். ஒரு டெம்ப்ளேட் செய்துவைத்துக்கொண்டால் ஒவ்வொரு வேலைக்கும் சில நிமிடங்கள்தான் ஆகும். ஜாப் எண், பதிப்பு எண், தேதி, வெட்டிய பிறகு இருக்கும் அளவு, காகிதம் அல்லது துணியின் வகை, எத்தனை கலர், ஒரு பக்கமா இரண்டு பக்கமா, லேமினேஷன் அல்லது மடிப்பு, எண்ணிக்கை, டெலிவரி எதிலிருந்து எத்தனை நாள். இவை அனைத்தும் டிசைன் இருக்கும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். தனி மின்னஞ்சலில் சொன்ன எண்ணிக்கையும் தனிப் படத்தில் இருந்த டிசைனும் பின்னால் ஒன்று சேராது.

பதிப்பு எண்ணை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிட வேண்டாம். கோப்பின் பெயரிலும் தாளின் மேலும் இரண்டு இடத்திலும் இருக்கட்டும். "புதியது", "கடைசி", "கடைசியிலும் கடைசி" என்று பெயர் வைத்த கோப்புகளில் எது ஒப்புதல் பெற்றது என்று அடிக்கும் நாளில் தேட நேரம் இருக்காது.

படி 5: வாடிக்கையாளர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்களை முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்

இந்தப் படியில் நேரம் செலவழித்தால் தகராறு பாதியாகக் குறையும். நமக்குத் தினமும் பழகிய குறியீடுகள் அவர்களுக்குப் புதிது.

ஃபாயில் (பளபளக்கும் உலோகப் படலம்) அல்லது ஸ்பாட் யூவி (குறிப்பிட்ட இடத்தில் மட்டும் போடும் பளபளப்புப் பூச்சு) வரும் இடத்தை நாம் கோப்பில் அடர்ந்த ரோஸ் நிறத்தில் குறித்திருப்போம். அதை அப்படியே அனுப்பினால் "எங்கள் பெயர் ஏன் ரோஸ் கலரில் இருக்கிறது?" என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் நல்லதுதான். கேட்காமல் அந்த ரோஸ் அழகாக இருக்கிறது என்று நினைத்து ஒப்புதல் தந்துவிட்டு, தங்க ஃபாயிலைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் உண்டு. அந்த இடத்துக்கு அம்புக்குறி போட்டு "இது தங்க ஃபாயில், அச்சில் இந்த நிறம் வராது" என்று எழுதுங்கள். வெட்டும் கோடு, மடிக்கும் கோடு ஆகியவற்றின் பக்கத்திலும் "இந்தக் கோடு அச்சாகாது" என்று ஒரு வரி.

ப்ளீட் தெரியும் கோப்பை அனுப்பினால் ஓரம் சமமாக இல்லை என்பார்கள். வெட்டிய பிறகு எப்படி இருக்குமோ அப்படித்தான் காட்ட வேண்டும். ப்ளீட் உங்கள் அச்சகத்துக்குள் இருக்கட்டும்.

விசிட்டிங் கார்டின் இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டினால், திருப்பும்போது பின்பக்கம் நேராக வருமா தலைகீழாக வருமா என்பது அதில் தெரியாது. மக்கில் கைப்பிடி எந்தப் பக்கம் என்பதும் அப்படித்தான். வலது கையால் பிடித்துக் குடித்தால் லோகோ குடிப்பவரைப் பார்க்குமா எதிரில் இருப்பவரைப் பார்க்குமா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள்.

டி-ஷர்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "இடது மார்பில் லோகோ" என்றால் போட்டிருப்பவரின் இடது. புரூஃப் படத்தில் அது பார்ப்பவரின் வலது பக்கம் தெரியும். வாடிக்கையாளர் படத்தைப் பார்த்து "இடது பக்கம் மாற்றுங்கள்" என்று சொல்வார், நீங்கள் மாற்றுவீர்கள், கடைசியில் லோகோ வலது மார்பில் போய் நிற்கும். இதற்கு ஒரே மருந்து "அணிபவரின் இடது" என்று முழுதாக எழுதுவது. கழுத்துத் தையலிலிருந்து எத்தனை செ.மீ. கீழே, லோகோ எத்தனை செ.மீ. அகலம் என்பதையும் எண்ணாக எழுதுங்கள். அடுத்தது சைஸ். புரூஃபில் நாம் காட்டுவது பெரும்பாலும் மீடியம் சைஸ் சட்டை. ஒரே ஸ்கிரீனில் (மையைத் துணிக்கு இறக்கும் வலைச் சட்டம்) எல்லாச் சைஸும் அடிக்கும்போது அச்சின் அளவு மாறாது, சட்டைதான் மாறும். 28 செ.மீ. அகல டிசைன் குழந்தைச் சட்டையில் அக்குள்வரை போகும், டபுள் எக்ஸ்எல் சட்டையில் நடுவில் சுருங்கித் தெரியும். மிகச் சின்னச் சைஸ், மிகப் பெரிய சைஸ் இரண்டின் மேலும் அதே அளவில் டிசைனை வைத்துக் காட்டிவிட்டால் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். சிறிய சைஸுக்குத் தனி ஸ்கிரீன் வேண்டுமென்றால் அந்தச் செலவை அப்போதே பேசிவிடலாம்.

திரையில் பெரிதாக்கிப் பார்ப்பதால் வரும் குழப்பமும் உண்டு. விசிட்டிங் கார்டை முழுத் திரைக்கு விரித்துப் பார்ப்பவருக்கு எழுத்து தாராளமாகத் தெரியும். கையில் வரும்போது படிக்க முடியவில்லை என்பார். "100 சதவீத அளவில் சாதாரணத் தாளில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். எடுக்க வசதி இல்லை என்றால் கார்டை ஒருவர் கையில் வைத்திருப்பது போன்ற படம் ஒன்றை அனுப்புங்கள்.

படி 6: "செக் பண்ணுங்க" என்று சொல்வதை விட்டுவிட்டுக் கேள்வியாகக் கேளுங்கள்

"எல்லாம் சரியா?" என்றால் யாரும் "சரி" என்றுதான் சொல்வார்கள். குறிப்பாகக் கேட்டால் குறிப்பாகப் பார்ப்பார்கள். ஒரு செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம். உங்கள் அழைப்பிதழ் வேலையின் (ஜாப் எண் 1042) புரூஃப், பதிப்பு 2, இத்துடன் உள்ளது. அச்சுக்கு அனுப்பும் முன் தயவுசெய்து இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்:
பெயர்களும் பட்டங்களும் ஒவ்வோர் எழுத்தாகச் சரியாக உள்ளனவா?
தேதிக்கு நேராக உள்ள கிழமையைக் காலண்டரில் பார்த்தீர்களா?
போன் எண்ணை இந்தத் தாளைப் பார்த்து ஒரு முறை அழைத்துப் பார்த்தீர்களா?
அளவு 14 × 20 செ.மீ., எண்ணிக்கை 500. இரண்டும் சரிதானே?
திரையில் தெரியும் நிறம் அச்சில் கொஞ்சம் மாறும்.
எல்லாம் சரி என்றால் 'பதிப்பு 2 அச்சிடலாம்' என்று பதில் அனுப்புங்கள். திருத்தம் இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்புங்கள், திருத்தி பதிப்பு 3 அனுப்புகிறோம். வியாழன் மாலைக்குள் ஒப்புதல் வந்தால் அடுத்த புதன் டெலிவரி."

போன் எண்ணை அழைத்துப் பார்க்கச் சொல்வது கொஞ்சம் அதிகமாகத் தோன்றலாம். ஆனால் பழகிய எண்ணைக் கண் படிப்பதில்லை, மனம் நினைவிலிருந்து சொல்லிக்கொள்கிறது. தாளைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாக அழுத்தினால்தான் மாறியிருப்பது தெரியும். தேதியும் கிழமையும் அப்படியே.

கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் புகைப்படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். புகைப்படமாகப் போனால் தரம் குறைந்து சின்ன எழுத்து கலங்கிவிடும். ஒரு வேலைக்கு ஒரே வழியில் பேசுவதும் நல்லது. பாதி மின்னஞ்சலில், பாதி வாட்ஸ்அப்பில், மீதி போனில் என்றால் யாராவது ஒன்றைத் தவறவிடுவார்கள். வேலை அதிகம் உள்ள இடங்களுக்கு பேஜ்ப்ரூஃப், ஜிஃப்ளோ போன்ற ஆன்லைன் புரூஃப் சேவைகள் இருக்கின்றன. யார் எப்போது என்ன சொன்னார் என்பதைத் தானாகப் பதிந்துவைக்கும். சின்ன அச்சகத்துக்கு பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபாட்டின் கமெண்ட் வசதியும் ஒழுங்கான கோப்புப் பெயர்களுமே போதும் என்பது என் எண்ணம்.

படி 7: திருத்தங்களை வாங்கும் விதம்

மூன்று பேர் மூன்று திருத்தம் அனுப்பி ஒன்றுக்கொன்று முரண்பட்டால், நடுவில் நின்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை. படி 1-இல் பெயர் வாங்கினீர்களே, அவரிடம் "எல்லோருடைய கருத்தையும் சேர்த்து ஒரே பட்டியலாகத் தாருங்கள்" என்று கேளுங்கள்.

போனிலோ குரல் செய்தியிலோ திருத்தம் சொன்னால் மறுக்க வேண்டாம், மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள். கேட்டதை உடனே எழுதித் திருப்பி அனுப்பிவிடுங்கள்: "சார், இப்போது போனில் சொன்னது: முகவரியில் இரண்டாவது தளம் என்பது மூன்றாவது தளம், லோகோ கொஞ்சம் பெரிதாக. லோகோவை 25 மி.மீ.-லிருந்து 32 மி.மீ. ஆக்குகிறேன். இவ்வளவுதானே?" "கொஞ்சம் பெரிதாக" என்பதை எண்ணாக மாற்றியதைக் கவனியுங்கள். "இன்னும் பளிச்சென்று", "கொஞ்சம் கிராண்டாக" என்பவற்றையும் இப்படி ஒரு குறிப்பிட்ட செயலாக மாற்றிக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பதிப்பு 9 வரை போகும்.

திருத்திய பிறகு பழைய பதிப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு வரியைத் திருத்தும்போது அடுத்த வரி கீழே இறங்கி மறைவது சகஜம். புதிய புரூஃபில் மாற்றிய இடங்களைக் குறித்துக் காட்டுங்கள், அதே சமயம் முழுவதையும் மீண்டும் ஒரு முறை பார்க்கவும் சொல்லுங்கள்.

"இந்த ஒரு எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு அப்படியே அடித்துவிடுங்கள்" என்பார்கள். அவசரத்தில் சரி என்று சொல்லத் தோன்றும். சொல்ல வேண்டாம். ஓர் எழுத்து என்றாலும் புதிய பதிப்பு, புதிய ஒப்புதல். பல நிறுவனங்களின் படிவத்தில் "திருத்தங்களுடன் ஒப்புதல்" என்று ஒரு கட்டம் இருக்கும். என்னைக் கேட்டால் அந்தக் கட்டத்தையே எடுத்துவிடலாம். வாடிக்கையாளர் பார்த்திராத ஒன்றுக்கு அவர் ஒப்புதல் தருவதாகத்தான் அதற்கு அர்த்தம்.

படி 8: ஒப்புதல் என்பது எப்படி இருக்க வேண்டும்

எழுத்தில், உரிய ஆளிடமிருந்து, பதிப்பு எண்ணோடு. இந்த மூன்றும் இருந்தால் கையெழுத்தாக இருந்தாலும் மின்னஞ்சலாக இருந்தாலும் வாட்ஸ்அப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

கட்டைவிரல் இமோஜி வந்தால் என்ன செய்வது? 2023-இல் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒரு வழக்கு நடந்தது. ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தின் படத்தை ஒரு நிறுவனம் விவசாயிக்கு அனுப்பி உறுதிசெய்யச் சொன்னது, அவர் கட்டைவிரல் இமோஜியைப் பதிலாகப் போட்டார். ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்று மட்டும்தான் சொன்னேன் என்பது அவர் வாதம். இதற்கு முன்பும் குறுஞ்செய்தியில் ஒற்றைச் சொல்லில் ஒப்புக்கொண்டு தானியம் அனுப்பிய பழக்கம் இருந்ததால், நீதிபதி அதைக் கையெழுத்துக்குச் சமமாக எடுத்துக்கொண்டார். மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. எல்லா நாட்டு நீதிமன்றமும் இப்படியே சொல்லும் என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. "கிடைத்தது" என்பதும் "ஒப்புக்கொண்டேன்" என்பதும் ஒரே இமோஜிக்குள் இருக்கிறது, அதைப் பிரிக்க வழக்குவரை போக வேண்டியிருந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய விஷயம். நீங்கள் ஒரு வரியில் பிரித்துவிடலாம்: "நன்றி. பதிப்பு 2-ஐ அச்சிடலாம் என்று எடுத்துக்கொள்ளலாமா?" ஆம் என்று வந்த பிறகு பிளேட் போடுங்கள்.

ஒப்புதலோடு பணத்தையும் இணைப்பது நல்ல பழக்கம். முன்பணம் வந்த பிறகு முதல் புரூஃப், மீதியைப் பற்றிப் பேசியது என்னவோ அதன்படி ஒப்புதல் நேரத்தில். முன்பணம் இல்லாமல் புரூஃப் அனுப்பும் நிலை வந்தால் குறைந்த தரத்தில், குறுக்கே "மாதிரி" என்று எழுதி அனுப்புங்கள். அந்த எழுத்து வாசகத்தை மறைக்காமல் வெளிறியதாக இருக்கட்டும்.

படி 9: பதிலே வரவில்லை என்றால்

மௌனம் சம்மதம் என்று அச்சுத் தொழிலில் எடுத்துக்கொள்ளக் கூடாது. "இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் ஒப்புதல் தந்ததாகக் கருதப்படும்" என்று சிலர் படிவத்தில் போடுகிறார்கள். பார்க்கவே பார்க்காத ஒன்றை அடித்துக் கொடுத்துப் பணம் கேட்பதை விடச் சங்கடம் வேறில்லை.

அதைவிட, டெலிவரிக் கணக்கு ஒப்புதல் வந்த நாளிலிருந்துதான் ஓடும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த நாள் ஒரு நினைவூட்டல், அதற்கடுத்த நாள் ஒரு போன். நினைவூட்டலில் "புரூஃப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்காமல் "இன்று மாலைக்குள் சொன்னால் புதன், இல்லையென்றால் சனிக்கிழமைதான்" என்று விளைவைச் சொல்லுங்கள். நிகழ்ச்சித் தேதி உள்ள வேலைகளில் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த நாளுக்குப் பிறகு ஒப்புதல் வந்தாலும் பயனில்லை என்பதையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

படி 10: ஒப்புதல் வந்ததும் கோப்பைப் பூட்டுங்கள்

ஒப்புதல் பெற்ற பிடிஎஃப் எதுவோ அதே டிசைனில் இருந்துதான் அச்சுக் கோப்பு வரவேண்டும். இடையில் டிசைனர் "அந்த இடைவெளி கொஞ்சம் கண்ணை உறுத்தியது, சரி பண்ணிட்டேன்" என்று தொட்டிருந்தால் ஒப்புதல் செல்லாது. மூலக் கோப்பு, அச்சுக் கோப்பு, புரூஃப் தாள், ஒப்புதல் செய்தியின் திரைப்பிடிப்பு நான்கையும் ஜாப் எண் போட்ட ஒரே ஃபோல்டரில் வைத்து, மாற்ற முடியாதபடி செய்துவிடுங்கள். பழைய பதிப்புகளை அழிக்க வேண்டாம், தனி ஃபோல்டருக்குத் தள்ளினால் போதும்.

மெஷினில் நிற்பவர் கையில் ஒப்புதல் பெற்ற தாளின் பிரிண்ட் இருக்க வேண்டும். முதலில் வரும் நல்ல தாளை அதோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட்ட பிறகு ஓட்டத்தைத் தொடங்கட்டும். நிறத்துக்குக் காகிதப் புரூஃப் ஒப்புதல் ஆகியிருந்தால் அதுவும் மெஷின் பக்கத்திலேயே இருக்கட்டும். அலுவலக மேசை டிராயருக்குள் அது இருந்து பயனில்லை.

ஒப்புதலுக்குப் பிறகு மாற்றம் கேட்டால் வேலையை நிறுத்தி, எந்த நிலையில் இருக்கிறது, இதுவரை ஆன செலவு என்ன, புதிய டெலிவரி எப்போது என்று மூன்றையும் சொல்லிவிட்டு அவர் முடிவுக்கு விடுங்கள்.

படி 11: ரிப்பீட் ஆர்டர்

"போன தடவை அடிச்ச அதே மாதிரி" என்பது கேட்க இனிமையாக இருக்கும். இடையில் முகவரி மாறியிருக்கும், ஒரு பங்குதாரர் விலகியிருப்பார், வரி எண் புதிதாக வந்திருக்கும். பழைய ஒப்புதல் பழைய வேலைக்கு மட்டும்தான். பழைய கோப்பைப் புதிய தேதியுடன் புரூஃப் தாளாக அனுப்பி, "இதில் எதுவும் மாறவில்லையே?" என்று கேட்டு ஒப்புதல் வாங்குங்கள்.

படி 12: இவ்வளவுக்குப் பிறகும் பிழை வந்தால்

முதலில் அச்சான பொருளையும் ஒப்புதல் பெற்ற தாளையும் பக்கத்தில் வையுங்கள். அச்சு தாளிலிருந்து மாறியிருந்தால் பேச்சே இல்லை, உங்கள் செலவில் திரும்ப அடிக்க வேண்டும். தாளும் அச்சும் ஒன்றாக இருந்து, வாடிக்கையாளர் கொடுத்த வாசகத்திலேயே பிழை இருந்தால் அது அவர் பொறுப்பு. காகிதம், மைச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு அடித்துத் தருவது உங்கள் பெருந்தன்மையைப் பொறுத்தது.

நடுவில் ஒரு வகை இருக்கிறது. அவர் சரியாகக் கொடுத்தார், நீங்கள் தட்டச்சில் தவறவிட்டீர்கள், அவரும் பார்க்காமல் ஒப்புதல் தந்துவிட்டார். படிவத்தின்படி பார்த்தால் பொறுப்பு அவருடையது. நியாயப்படி பார்த்தால் இரண்டு பேருடையதும். இந்த வகையில் செலவைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர் கேட்டு நீங்கள் இறங்கிவருவதற்கும், கேட்கும் முன்பே நீங்கள் சொல்வதற்கும் செலவு ஒன்றுதான். பிறகு அந்தப் பிழை எப்படிப்பட்டது என்று பார்த்து, படி 6-இல் உள்ள கேள்விகளில் அதற்கென ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.